செல்வமும் ஹிக்மத்தும்

 



திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயமாகிய அல்பகராவில் 261ஆம் வசனத்திலிருந்து 274ஆம் வசனம் வரை அல்லாஹ் தஆலா பெரும்பாலும் ஒரே விஷயத்தைப் பேசுகிறான். அது தர்மம். ஒரு வித்து ஏழு கதிர்களாக விளைந்து, கதிர் ஒன்றுக்கு நூறு மணிகள் தரும் உவமை அங்கேதான் வருகிறது. கொடுத்ததைச் சொல்லிக் காட்டி அதைப் பாழாக்க வேண்டாம் என்ற எச்சரிக்கையும் அங்கேதான். நமக்கே ஆகாத மட்டமான பொருளைத் தேடிப்பிடித்து ஏழைக்குக் கொடுக்க வேண்டாம் என்ற கட்டளையும் அங்கேதான். ஷைத்தான் வறுமையைக் காட்டி உங்களை அச்சுறுத்துகிறான், அல்லாஹ்வோ மன்னிப்பையும் அருளையும் வாக்களிக்கிறான் என்று 268ஆம் வசனம் அறிவிக்கிறது.

இத்தனைக்கும் நடுவில், 269ஆம் வசனத்தில், பேச்சு சட்டென்று ஹிக்மத்தின் பக்கம் திரும்புகிறது. தான் நாடியவருக்கு அல்லாஹ் ஹிக்மத்தை வழங்குகிறான் என்றும், அது வழங்கப்பெற்றவர் அதிகமான நன்மை வழங்கப்பெற்றவர் ஆகிவிட்டார் என்றும் அவ்வசனம் கூறுகிறது. அடுத்த வசனத்திலேயே பேச்சு மறுபடியும் தர்மத்துக்கும் நேர்ச்சைக்கும் வந்துவிடுகிறது.

பணத்தைப் பற்றிய பேச்சின் மையத்தில் ஞானத்திற்கு என்ன வேலை? நாம் நின்று சிந்திக்க வேண்டிய இடம் இது. பணத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லும் அச்சம் ஒரு பக்கம். அதைச் செலவிடச் சொல்லும் இறைவாக்கு மறுபக்கம். இந்த இரண்டில் எது உண்மை என்று கண்டுகொள்ளும் பார்வைக்கே அவ்விடத்தில் ஹிக்மத் என்று பெயர். குர்ஆனின் விளக்கமே ஹிக்மத் என்பது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் கூற்று. சொல்லிலும் செயலிலும் சரியானதை அடைவது என்றார்கள் இமாம் முஜாஹித் (ரஹ்) அவர்கள். மார்க்கத்தைப் புரிந்துகொள்ளும் ஆற்றல் என்றார்கள் இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள். மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஹிக்மத் என்பது ஏட்டில் இருக்கும் அறிவு மட்டுமன்று என்பது விளங்கும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. அவ்வசனத்தில் ‘நன்மை’ என்பதற்கு வந்துள்ள அரபிச் சொல் ‘கைர்’. இதே சொல்லைத் திருக்குர்ஆன் பல இடங்களில் செல்வத்திற்கும் பயன்படுத்துகிறது. மரண சாசனம் பற்றிய 2:180ஆம் வசனத்தில் ‘கைர்’ என்றால் விட்டுச் செல்லும் சொத்து. ஹிக்மத் வசனத்துக்குச் சற்றுப் பின்னால், 272, 273ஆம் வசனங்களிலும் செலவழிக்கப்படும் பொருளுக்கு இதே சொல்தான். ஆக, செல்வமும் கைர், ஹிக்மத்தும் கைர். ஆனால் ஹிக்மத்தைச் சொல்லும்போது மட்டும் ‘கஸீர்’, அதாவது அதிகமானது, என்ற அடைமொழியை அல்லாஹ் சேர்க்கிறான். உலக வாழ்வின் சுகப்பொருள்கள் அனைத்தையும் சேர்த்துக் கூறும் 4:77ஆம் வசனத்திலோ அவற்றுக்கு அவன் வைத்த பெயர் ‘கலீல்’, அற்பமானது. உலகம் முழுவதையும் அற்பம் என்றவன் ஒரு மனிதனுக்குக் கிடைக்கும் ஞானத்தை அதிகம் என்கிறான். இதைவிடத் தெளிவாக விலை சொல்ல முடியாது.

செல்வத்தை மார்க்கம் வெறுக்கிறது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அன்னை கதீஜா (ரலி) அவர்களின் வணிகப் பொருள் இஸ்லாத்தின் ஆரம்ப நாட்களைத் தாங்கி நின்றது. உஸ்மான் (ரலி), அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) ஆகியோர் பெரும் வணிகர்கள். இருவரைத் தவிர வேறெவர் மீதும் பொறாமை கொள்ளத் தகாது என்ற நபிமொழியில், அந்த இருவரில் ஒருவர் அல்லாஹ் கொடுத்த பொருளை நேரான வழியில் செலவிட்டுத் தீர்ப்பவர். மற்றவர் அல்லாஹ் கொடுத்த ஹிக்மத்தைக் கொண்டு தீர்ப்பு வழங்கி அதைப் பிறருக்கும் கற்பிப்பவர். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது பதிவாகியுள்ளது. பணக்காரருக்கு ஞானியின் பக்கத்திலேயே ஆசனம் போடப்பட்டிருக்கிறது. ஆனால் பணம் சேர்த்ததற்காக அன்று, செலவழித்ததற்காக.

திர்மிதீ கிரந்தத்தில் அபூ கப்ஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி இதை இன்னும் விரிக்கிறது. உலகம் நான்கு பேருக்கு உரியது. முதலாமவருக்குச் செல்வமும் உண்டு, அறிவும் உண்டு. இறைவனை அஞ்சி, உறவைப் பேணி, அதிலுள்ள அல்லாஹ்வின் உரிமையை அறிந்து நடக்கிறார். இரண்டாமவருக்கு அறிவு உண்டு, செல்வம் இல்லை. எனக்கும் இருந்தால் அவரைப் போலச் செய்வேன் என்று உண்மையாக எண்ணுகிறார். இந்த இருவருக்கும் கூலி சமம். மூன்றாமவருக்குச் செல்வம் உண்டு, அறிவு இல்லை. கண்மூடித்தனமாகச் செலவழிக்கிறார், உறவைப் பேணுவதில்லை. இவருடைய தரமே மிகக் கீழானது. நான்காமவருக்கு இரண்டும் இல்லை. ஆனால் மூன்றாமவரைப் பார்த்து, எனக்கும் இருந்தால் அவரைப் போல ஆடியிருப்பேன் என்று ஏங்குகிறார். பாவத்தில் இந்த இருவரும் சமம்.

கணக்கைக் கவனியுங்கள். பணம் இருந்தவரும் இல்லாதவரும் மேலே சேர்ந்தார்கள். பணம் இருந்தவரும் இல்லாதவரும் கீழே சேர்ந்தார்கள். பிரித்துவைத்த கோடு அறிவு ஒன்றுதான்.

இனி காரூனின் வரலாற்றுக்கு வருவோம். அல்கஸஸ் அத்தியாயத்தில் 76 முதல் 82 வரையுள்ள வசனங்கள் அவனைப் பற்றியவை. மூஸா (அலை) அவர்களின் சமூகத்தைச் சேர்ந்தவன். அவனுடைய பொக்கிஷங்களின் சாவிகளைச் சுமப்பதே பலசாலிகள் கூட்டத்துக்குப் பாரமாக இருந்தது. அல்லாஹ் தந்ததைக் கொண்டு மறுமையைத் தேடு, இவ்வுலகில் உனக்குள்ள பங்கையும் மறந்துவிடாதே என்று நல்லவர்கள் அறிவுரை கூறினார்கள். அதற்கு அவன் கொடுத்த பதில், இச்செல்வம் என்னிடமுள்ள அறிவினால் எனக்குக் கிடைத்தது என்பதாகும். காரூனும் தன்னை அறிவாளி என்றுதான் சொல்லிக்கொண்டான்! சம்பாதிக்கும் சாமர்த்தியத்தை அவன் அறிவு என்று அழைத்தான். குர்ஆன் அதை அவ்வாறு அழைக்கவில்லை.

ஒருநாள் அவன் தன் அலங்காரத்துடன் மக்கள் முன் ஊர்வலம் வந்தான். தெருவில் நின்றவர்கள் இரண்டு கூட்டமானார்கள். உலகை விரும்பியவர்கள், இவனுக்குக் கிடைத்தது நமக்கும் கிடைக்கக் கூடாதா, இவன் பெரும் பாக்கியசாலி என்று பெருமூச்சு விட்டார்கள். அறிவு வழங்கப்பெற்றவர்களோ, அல்லாஹ்வின் கூலியே மேலானது என்று அவர்களைக் கடிந்துகொண்டார்கள். பிறகு அவனையும் அவன் மாளிகையையும் பூமி விழுங்கியது. மறுநாள் காலையில், நேற்றுப் பெருமூச்சு விட்ட அதே கூட்டம், அல்லாஹ் நம்மீது அருள் புரிந்திராவிட்டால் நம்மையும் அல்லவா விழுங்கியிருப்பான் என்று பேசிக்கொண்டது.

இறுதியில் இரண்டு கூட்டமும் ஒரே உண்மையைத்தான் சொன்னது. ஒரு கூட்டம் ஊர்வலம் நடக்கும்போதே சொன்னது. மற்றொன்று மறுநாள் விடிந்த பிறகு சொன்னது. அறிவு என்று அல்லாஹ் குறிப்பிட்டது இந்த ஓர் இரவு முந்திய பார்வையைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சாவி என்றதும் கீழச்சிவல்பட்டியில் இருப்பவருக்கு நமது வட்டாரத்துப் பெரிய வீடுகள் நினைவுக்கு வராமல் இருக்காது. முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலும் இருக்கும் வீடுகள். பர்மாத் தேக்குத் தூண்கள், இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியக் கண்ணாடி, ஆத்தங்குடிக் கல் பதித்த தளம். அவற்றுள் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. பங்காளிகள் பெருகி, ஆளுக்கொரு சாவியுடன் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். பிரிக்கப்பட்ட வீடுகளின் தூண்களும் நிலைகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் விலைக்கு நிற்கின்றன.

நகரத்தார் பெருமக்களைக் காரூனுடன் ஒப்பிடுவதாக எவரும் எண்ணிவிடக் கூடாது. அவர்கள் நமது அண்டை வீட்டார், தர்மத்திற்குப் பெயர்போனவர்கள். வட்டி நமக்கு ஹராம் என்பது தனி விஷயம். நான் எடுத்துக்காட்டுவது செல்வத்தின் சுபாவத்தை மட்டுமே.

கீழ்ப்பர்மாவின் முக்கியமான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் 1930இல் விளைநிலத்தில் நூற்றுக்கு 6 பங்கு அவர்கள் வசம் இருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை வீழ்ந்து, கடன் வாங்கிய விவசாயிகளால் திருப்பிக் கொடுக்க முடியாமல் போகவே, 1938க்குள் அது நூற்றுக்கு 25 பங்காயிற்று. ஊர்வலம் உச்சத்தை எட்டிய நேரம் அது. 1942இல் ஜப்பானியப் படை ரங்கூனுக்குள் நுழைந்தது. நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர்கள் காட்டு வழியாகவும் கடல் வழியாகவும் தப்பி வந்தார்கள். வழியிலேயே மாண்டவர்கள் பல்லாயிரம் பேர். போருக்குப் பின் நிலங்கள் அரசுடைமையாயின. 1963இல் வங்கிகள் போயின. 1964 மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன. அந்தக் காட்டு வழியில் நடந்தவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். ரங்கூனில் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம்கள் பலர் உடுத்த துணியோடு ஊர் திரும்பினர். அறிவு உன்னைக் காக்கும், செல்வத்தையோ நீ காக்க வேண்டும் என்ற கருத்தில் அலீ (ரலி) அவர்கள் குமைல் என்ற தம் மாணவருக்கு உபதேசித்ததாக ஒரு செய்தி உண்டு. நிலப் பத்திரத்தைக் கையில் பிடித்தபடி மலை ஏறியவர்களுக்கு அதன் பொருள் புரிந்திருக்கும்.

இதே மண்ணில், முன்கூட்டியே விடியலைப் பார்த்தவர்களும் உண்டு. கோட்டையூரில் 1909இல் பிறந்த அழகப்பச் செட்டியார் ஒருவர். 1947 ஜூலையில் சென்னையில் ஒரு கூட்டத்தில், கல்லூரிகள் தொடங்கச் செல்வந்தர்கள் முன்வர வேண்டும் என்று துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் வேண்டினார். அழகப்பர் அங்கேயே ஒரு இலட்சம் ரூபாயை அறிவித்தார். அடுத்த மாதமே காரைக்குடியில் கல்லூரி தொடங்கியது. மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அமைய 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்தார். தாம் வாழ்ந்த வீட்டையே பெண்கள் கல்லூரிக்குக் கொடுத்தார். 1957இல், ஐம்பது வயது எட்டும் முன்பே இறந்துபோனார். பூட்டிய வீடுகளுக்கு நடுவில் அவர் கொடுத்தவை மட்டும் இன்றும் திறந்திருக்கின்றன. நம் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள்.

அதே கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். பெரும் பணக்காரர் அல்லர். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். வாழ்நாள் முழுவதும் பழைய தமிழ் நூல்களையும் இதழ்களையும் தேடிச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின், ஏறத்தாழ ஒரு இலட்சம் உருப்படிகள் கொண்ட அச்சேகரிப்பை அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் 1994இல் விலைக்கு வாங்கி, சென்னையிலேயே நூலகமாக அமைத்தது. தேக்குத் தூண்களைத் தேடி வந்தவர்கள் கடைக்காரர்கள். பழந்தாள்களைத் தேடி ஒரு பல்கலைக்கழகமே கடல் கடந்து வந்தது.

நம் சமுதாயத்திலும் கீழக்கரை வள்ளல் சீதக்காதி அவர்கள் இருந்தார்கள். பதினேழாம் நூற்றாண்டில் கப்பல் ஓட்டியவர், மிளகு வாணிகம் செய்தவர். நபி (ஸல்) அவர்களின் வரலாற்றைத் தமிழில் பாடுமாறு உமறுப் புலவரைத் தூண்டியவர் அவரே என்பது வழிவழியாக வரும் செய்தி. நூல் முடியுமுன் வள்ளல் மறைந்தார். பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் அப்பொறுப்பை ஏற்றார். கப்பல்களும் மிளகு மூட்டைகளும் போன இடம் தெரியவில்லை. 5,027 பாடல்கள் கொண்ட சீறாப்புராணம் நம்மிடம் இருக்கிறது.

சகோதரர்களே! அறிவுக்குப் பணத்தில் விலை என்ன என்று கேட்பவர்களுக்கு, நபி (ஸல்) அவர்களின் வாழ்விலேயே இரண்டு இடங்களில் பதில் இருக்கிறது.

ஒன்று பத்ரு. கைதிகளை விடுவிக்க வசதிக்கு ஏற்ப நாலாயிரம் திர்ஹம் வரை ஈட்டுத்தொகை வாங்கப்பட்டது. அப்போது மதீனா ஏழை ஊர். அகதிகளாக வந்த முஹாஜிர்களுக்கு உணவும் தங்குமிடமும் தேவைப்பட்ட காலம். ஒவ்வொரு திர்ஹமும் அவசியமாக இருந்த அந்த நேரத்தில், பணமில்லாத, ஆனால் எழுதத் தெரிந்த கைதிகள் அன்சாரிகளின் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்தால் விடுதலை என்று அண்ணலார் தீர்மானித்தார்கள். ஆளுக்குப் பத்துப் பிள்ளைகள் என்று வரலாற்றாசிரியர் இப்னு ஸஅத் குறிப்பிடுகிறார். கற்பித்தவர்கள் முஸ்லிம்கள் அல்லர். நேற்று வாளோடு வந்த எதிரிகள். அவர்களிடமிருந்தும் எழுத்தை வாங்கிக்கொண்டார்கள்.

மற்றொன்று ஒரு நிகாஹ். ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. மணம் முடிக்க விரும்பிய ஓர் ஏழைத் தோழரிடம், மஹராகக் கொடுக்க என்ன இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் வினவினார்கள். ஒன்றும் இல்லை. இரும்பு மோதிரமாவது தேடிப் பார்க்கச் சொன்னார்கள். அதுவும் இல்லை, இடுப்பில் கட்டிய துணி ஒன்றுதான். குர்ஆனில் என்ன தெரியும் என்று கேட்டார்கள். அவர் தமக்கு மனனமான அத்தியாயங்களை எண்ணிச் சொன்னார். அதற்காகவே அப்பெண்ணை அவருக்கு மணமுடித்து வைத்தார்கள். (கற்பித்தலே மஹராக நிற்கும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம், ஹனஃபி மத்ஹபில் இதற்கு வேறு விளக்கம் உண்டு. சட்ட விவரத்தை உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.)

இரும்பு மோதிரம்கூட இல்லாதவருக்குக் குர்ஆன் இருந்தது, அது போதுமானதாக இருந்தது. இன்று நம் மஹல்லாக்களில் நிகாஹ் பேச்சு எப்படித் தொடங்குகிறது? மாப்பிள்ளை எந்த நாட்டில் இருக்கிறார், சம்பளம் எத்தனை ரியால், எத்தனை வெள்ளி என்று பெண் வீட்டார் கேட்கிறார்கள். எத்தனை பவுன், கைக்கூலி எவ்வளவு என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்கிறார்கள். மஹர் கொடுக்க வேண்டியவன் கைநீட்டி வாங்குகிறான். அவன் ஓதியிருக்கிறானா, அவள் படித்திருக்கிறாளா, இருவருக்கும் மார்க்கம் தெரியுமா என்ற கேள்வி, கேட்கப்பட்டாலும், தேநீர் வரும் இடைவேளையில் கேட்கப்படுகிறது. தாலூத்தை அரசராக அல்லாஹ் ஏற்படுத்தியபோது, அவருக்குத்தான் பொருள் வசதி இல்லையே என்று இஸ்ரவேலர்கள் ஆட்சேபித்தார்கள். அறிவிலும் உடலிலும் அவருக்கு அதிகம் கொடுத்திருக்கிறான் என்று அவர்களின் நபி பதில் சொன்னார் (2:247). மாப்பிள்ளை தேடும்போதும், ஜமாஅத்துக்குத் தலைவர் தேடும்போதும் நம்மிடமிருந்து வருவது அந்த இஸ்ரவேலர்களின் கேள்விதான்.

பிளஸ் டூ முடித்த மகனுக்குக் கல்லூரி விண்ணப்பத்தை வாங்குமுன் பாஸ்போர்ட் எடுத்துவிடும் வீடுகள் நம்மிடையே உண்டு. தங்கை கலியாணம், வீட்டுக் கடன் என்று காரணங்கள் உண்மையானவைதாம். நான் அந்தத் தகப்பனாரைக் குறை சொல்லவில்லை. வறுமையைக் காட்டி அச்சுறுத்துவது யார் என்று 268ஆம் வசனம் சொன்னதை மட்டும் நினைவூட்டுகிறேன். 2006இல் வெளிவந்த நீதிபதி சச்சார் குழு அறிக்கையின்படி, நாட்டில் இருபது வயதைக் கடந்த முஸ்லிம்களில் பட்டம் பெற்றவர்கள் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. நமது மாவட்டத்தில் இளையான்குடிப் பெரியவர்கள் 1970லேயே டாக்டர் ஜாகிர் உசேன் கல்லூரியை எழுப்பினார்கள். கல்லூரி தூரமாக இருக்கிறது என்ற சாக்கு நமக்கு இல்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கல்லூரிக்கு அனுப்பும் பெற்றோரில் பலர், எந்தப் படிப்புக்கு எத்தனை சம்பளம் என்ற ஒரே கணக்கோடு அனுப்புகிறார்கள். என்னிடமுள்ள அறிவினால் இது கிடைத்தது என்றவன் யார் என்பதை மறந்துவிட வேண்டாம். பயனற்ற கல்வியை விட்டு நபி (ஸல்) அவர்கள் பாதுகாவல் தேடியதாக முஸ்லிம் கிரந்தத்தில் வருகிறது. மகன் பொறியாளராகட்டும், மருத்துவராகட்டும், கணக்காயராகட்டும். அவன் முதல் சம்பளத்தை வாங்கும்போது அதில் யாருக்கெல்லாம் உரிமை இருக்கிறது என்று தெரிந்தவனாக இருக்க வேண்டும். அது மக்தபிலும் தாயின் மடியிலும் கற்க வேண்டியது. அந்த மக்தபுக்கோ, வலீமாவில் ஒரு சஹன் பிரியாணிக்குச் செலவாகும் தொகையை மாதச் சந்தாவாகக் கேட்டாலும் நாம் தயங்குகிறோம். (உஸ்தாதுகளின் சம்பளத்துக்காக இமாம் பேசுகிறார் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். ஒருவகையில் அது உண்மையும்கூட.)

அபூ ஹுரைரா (ரலி) அவர்கள் தம்மைப் பற்றியே சொல்லியிருக்கிறார்கள். முஹாஜிர்கள் கடைவீதியிலும், அன்சாரிகள் தோட்டந்துரவிலும் இருந்த நேரத்தில், வயிற்றுப்பாட்டுக்குக் கிடைத்ததோடு திருப்தியடைந்து தாம் நபியவர்களுடனேயே இருந்ததாக. நபியவர்களுடன் அவர்கள் இருந்தது சில ஆண்டுகளே. அவர்கள் வழியாக வந்த நபிமொழிகள் 5,374 என்று அறிஞர்கள் எண்ணியுள்ளனர். அந்தக் கடைவீதியில் அன்று என்ன விலைக்கு என்ன விற்றது என்று இன்று நம்மில் எவருக்கும் தெரியாது.

ஆகவே தாய்மார்களே, வரும் கோடை விடுமுறையில் மகன் பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் புறப்படுமுன், அவனை ஒருநாள் அஸருக்குப் பின் பள்ளிக்கு அனுப்பி வையுங்கள். மதிப்பெண் சான்றிதழோடு வரட்டும். கட்டணம்தான் தடை என்றால், ஜமாஅத்தில் கொடுக்கக் கூடியவர்கள் இருக்கிறார்கள். கேட்கும் பொறுப்பை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களே, ஊரில் அடுத்த மாடி எழுப்ப எண்ணி வைத்திருக்கும் தொகையில் ஒரு பிள்ளையின் மூன்றாண்டுக் கட்டணம் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பாருங்கள். அதை அனுப்பும் எண்ணத்தை உங்கள் உள்ளத்தில் அல்லாஹ் போடுவானாக! ஆமீன்.